குருணை கரையேறுமுன்: கடலோரத் தொகுதி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கடலோரத் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

2025 ஜூலை 24 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பலின் தரப்பினர் அந்த நாட்டுக்கு 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு தர வேண்டும் என்பது தீர்ப்பு. கப்பல் மூழ்கி நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது அது. இரண்டே மாதத்தில், தர மாட்டோம் என்று கப்பல் நிறுவனம் கையை விரித்துவிட்டது. அதற்கு முன்பே, 2023-இல், இதே விபத்துக்கு நிறுவனத்தின் பொறுப்பு 1.9 கோடி பவுண்டைத் தாண்டாது என்று லண்டன் நீதிமன்றம் வரம்பு கட்டியிருந்தது. ஒரு கணக்கில் 100 கோடி டாலர், இன்னொரு கணக்கில் ஏறக்குறைய இரண்டரைக் கோடி டாலர். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார் நீர்கொழும்பு மீனவர்.

இலங்கைக் கதையை உங்களிடம் ஏன் கொண்டுவருகிறேன் என்று கேட்பீர்கள். அந்தக் கப்பல் கொட்டிய அதே வகைச் சரக்கு, 2025 மே மாதம் வேறொரு கப்பலிலிருந்து நம் கன்னியாகுமரி மாவட்டக் கரைக்கும் வந்தது என்பதை உங்களில் சிலராவது மறந்திருக்க மாட்டீர்கள்.

கடலில் பிளாஸ்டிக் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கேரி பேக், தண்ணீர் பாக்கெட், கிழிந்த வலை. அவற்றைப் பற்றி அவையில் நிறையப் பேசியாகிவிட்டது. இங்கே நான் சொல்வது இவையெல்லாம் ஆவதற்கு முந்தைய சரக்கை. குடமும் பையும் குழாயும் வார்ப்பதற்கான மூலப்பொருள் சிறு குருணையாகத்தான் உலகம் முழுக்கப் பயணம் போகிறது. 25 கிலோ மூட்டை, மூட்டைகள் அடுக்கிய கண்டெய்னர், கண்டெய்னர்கள் அடுக்கிய கப்பல். ஒரு குருணை 20 மில்லிகிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரே மூட்டையில் பத்து லட்சத்துக்கு மேல் தேறும்.

எக்ஸ்-பிரஸ் பேர்ல் அன்றைக்குப் புத்தம் புதுக் கப்பல். 1,486 கண்டெய்னர்கள், அவற்றில் 25 டன் நைட்ரிக் அமிலமும் உண்டு. வழியிலேயே அமிலம் கசிவது தெரிந்துவிட்டது. கசிகிற பெட்டியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று கத்தாரின் ஹமாத் துறைமுகத்தில் கேட்டார்கள், முடியாது என்றார்கள். அடுத்து நம் குஜராத்தின் ஹசிரா துறைமுகத்தில் கேட்டார்கள். அங்கேயும் அதே பதில். அதைக் கையாள ஆளும் வசதியும் உடனே இல்லை என்பது காரணம். கப்பல் கசிந்துகொண்டே கொழும்பு வந்து சேர்ந்தது. 2021 மே 20-இல் தீ பிடித்தது, நாள்கணக்கில் எரிந்தது, ஜூன் 2-இல் பின்பக்கம் கடலில் தட்டியது. ஏறத்தாழ 1,680 டன் குருணை அதில் இருந்தது. கடலில் கொட்டிய பிளாஸ்டிக் குருணையில் இதைவிடப் பெரிய அளவு உலகில் எங்கும் பதிவானதில்லை. சரக்குவ கடற்கரையில் முழங்கால் அளவு குவிந்த இடங்கள் உண்டு. பாதி எரிந்து கறுத்துக் கட்டிபிடித்ததும் அதில் கலந்திருந்தது. சுமார் 80 கிலோமீட்டர் கரையில் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். தடையில்லாத இடத்து மீனையும் வாங்க ஆளில்லை. கரையொதுங்கிய ஆமைகள் மட்டும் நூற்றுக்கணக்கில்.

அமிலம் ஆபத்தான சரக்கு என்று கப்பல் விதிகளில் பெயர் இருக்கிறது. எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது, யாருக்குச் சொல்வது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். குருணைக்கு அப்படி எதுவும் இல்லை. அது அரிசி மூட்டை, பருத்தி மூட்டை போலச் சாதாரணச் சரக்கு. மேல்தளத்தில், ஓரத்து அடுக்கில், புயலில் முதலில் சரிந்து விழுகிற இடத்தில்கூட வைக்கலாம். கப்பலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கடலில் வீசினால் சர்வதேசச் சட்டப்படி குற்றம். 1988 முடிவிலிருந்தே அந்தத் தடை இருக்கிறது. விபத்தில் ஆயிரம் டன் விழுந்தால் அதே சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் டம்ளரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் போலும்.

இனி நம் கரைக்கு வருகிறேன். 2025 மே 24. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை வழக்கத்துக்கு முன்பே கேரளத்தில் இறங்கிய நாள். விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 சாய்ந்தது, மறுநாள் மூழ்கியது. 24 பேரையும் காப்பாற்றிவிட்டார்கள், அந்த மட்டில் நிம்மதி. அறுநூற்றுச் சொச்சம் கண்டெய்னர்கள். கால்சியம் கார்பைடு இருந்த பெட்டிகளைப் பற்றித்தான் முதல் நாள்களில் எல்லோரும் பேசினார்கள், ஆபத்துப் பட்டியலில் இருந்தது அதுதான். பட்டியலில் இல்லாத குருணை, நீரோட்டத்தோடு தெற்கே இறங்கித் திருவனந்தபுரம் கரையைத் தொட்டு, நீரோடி தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் வந்தது. பிறகு தனுஷ்கோடி மணலிலும் அதைப் பார்த்ததாகச் செய்தி வந்தது. எல்சா மூழ்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, கொழும்பிலிருந்து மும்பைப் பக்கம் போன வான் ஹை 503 கேரளத்துக்கு வெளியே தீப்பிடித்தது. அதில் நான்கு பேர் திரும்பவில்லை.

குருணையைக் கரையிலிருந்து எப்படி எடுக்கிறார்கள் என்று உங்களில் எத்தனை பேர் கிட்ட நின்று பார்த்திருப்பீர்களோ தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். அலை ஏறி இறங்கிய கோட்டில் பாசி, தென்னை மட்டை, தேங்காய் நார், அவற்றோடு சிந்திய ஜவ்வரிசி போல வெள்ளை வெள்ளையாக அது கிடக்கும். கையால் வழித்தால் பாதி மணல்தான் வரும். வாளியில் கடல்தண்ணீர் மொண்டு அதில் மணலைக் கொட்டினால் மணல் அடியில் தங்கும், குருணை மிதக்கும். டீ வடிகட்டியால் அரித்து எடுக்க வேண்டும். காய்ந்த மணல் என்றால் சல்லடையில் சலிக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் காய்ந்த மணலுக்கு எங்கே போவது? அரித்து முடித்த இடத்தில் அடுத்த அலை புதிதாக ஒரு வரிசை போட்டுவிட்டுப் போகும். மேலே தெரிவது மட்டுமா, ஒரு சாண் தோண்டினால் அங்கேயும் ஓர் அடுக்கு இருக்கும். கையுறையைக் கழற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த ஓர் அம்மா சொன்னார்: “இதப் பெறக்கித் தீரதுக்குள்ள எம் பேரனுக்குக் கலியாணம் ஆயிரும் மக்களே.”

கடற்கரைத் தூய்மைப் பணிக்கு நீங்கள் வருகிறீர்கள், தொப்பி போடுகிறீர்கள், மாணவர்களோடு நின்று படம் எடுக்கிறீர்கள். அதை நான் கேலி செய்யவில்லை. குனிகிற முதுகு நல்ல முதுகுதான். ஆனால் நம்மிடம் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது அதை வாளியால் அள்ளினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள் படகில் போய்க் கையால்தான் அள்ளினார்கள். கன்னியாகுமரியில் வடிகட்டி. கருவி மாறுகிறதே தவிர, கொட்டிய பிறகு ஏழைகளைக் கூப்பிட்டு அள்ளச் சொல்வது மாறவில்லை.

கப்பல், துறைமுகம், சர்வதேச ஒப்பந்தம் எல்லாம் மத்திய அரசின் கையில் இருக்கிறது, எங்களால் என்ன ஆகும் என்பீர்கள். பாதிதான் உண்மை. அந்தப் பாதியை முதலில் பார்ப்போம்.

ஐ.நா.வின் கீழ் இயங்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024-இல் குருணைக் கண்டெய்னர்களுக்கென்று ஒரு சுற்றறிக்கை விட்டது. மூட்டை கிழியாத தரத்தில் இருக்க வேண்டும். உள்ளே குருணை இருக்கிறது என்று கப்பல்காரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூடுமானவரை கீழ்த்தளத்தில், இல்லாவிட்டால் மேல்தளத்தின் உள்பக்கத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் அதில் இல்லை. குறை என்னவென்றால் அது வெறும் பரிந்துரை. கேட்டால் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் குருணை சிந்துவதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டுக் கப்பலையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டது. இந்தியத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிற, இறக்குகிற எந்தக் கப்பலும் அந்தச் சுற்றறிக்கையின் மூன்று பரிந்துரைகளையும் கடைப்பிடித்தே தீர வேண்டும் என்று நம் அரசும் ஆணையிடலாம். 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தை மாற்றிப் புதுச் சட்டம் நிறைவேற்றியதும் இதே 2025-இல்தான், எல்சா மூழ்கிய மூன்றே மாதத்தில். விதிகள் எழுதுவதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒரு தீர்மானம். தீர்மானத்தால் என்ன பயன் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2024 டிசம்பரில் இதே அவை தீர்மானம் போட்டது. மேலூர்ப் பக்கத்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. அவையும் மக்களும் ஒரே பக்கம் நின்றால் டெல்லிக்குக் கேட்கிறது. கடலுக்காக அப்படி ஒரு தீர்மானம் ஏன் வரக்கூடாது?

ஜெனீவாவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பிளாஸ்டிக்குக்கு உலக ஒப்பந்தம் வேண்டும் என்று 2022-இல் நைரோபியில் முடிவெடுத்து, ஊர் ஊராகப் பேசி, 2025 ஆகஸ்ட்டில் ஜெனீவாவில் ஒன்றும் கைகூடாமல் கலைந்தார்கள். உற்பத்திக்கு வரம்பு கட்டுவதை எதிர்த்த நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இருந்தது. வளர்கிற நாட்டின் நியாயம் ஒன்று அதில் இருக்கலாம். அப்படியே இருந்தாலும், மூட்டையைக் கீழ்த்தளத்தில் வை என்று சொல்வதற்கு எந்த நாட்டின் வளர்ச்சி தடைப்படும்?

மறுபாதி உங்கள் கையிலேயே இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு தடை போட்டபோது டெல்லியைக் கேட்டுப் போடவில்லை. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவை வைத்து அரசாணை எழுதினோம். நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலையில்தான் வந்தது, நமக்கு மூன்றரை ஆண்டு பின்னால். அந்தப் பெருமையை நாம் வைத்துக்கொள்ளலாம். அதே கையோடு, பூக்கடை அம்மாவிடம் பையைப் பிடுங்கி அபராதம் போட்ட வேகம் பை தயாரிக்கிற இடத்தில் ஏன் இல்லை என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த 5-ஆவது பிரிவு குருணைக்கும் செல்லும். கப்பல் மூழ்கினால்தான் குருணை கடலுக்குப் போகும் என்றில்லை. மூட்டையை லாரியிலிருந்து கொக்கி போட்டு இழுக்கும்போது ஓரம் கிழிகிறது. இரண்டு கை அளவு கீழே சிந்துகிறது. யாரும் குனிந்து அள்ளுவதில்லை, விலை அவ்வளவுதான். சாயங்காலம் ஹோஸ் பிடித்துத் தரையைக் கழுவுகிறார்கள். மழைநீர் வடிகால் வழியே ஓடைக்கு, ஓடையிலிருந்து கூவத்துக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ, அங்கிருந்து கடலுக்கு. குருணை வாங்குகிற, விற்கிற, வார்க்கிற, கிடங்கில் வைக்கிற ஒவ்வோர் இடத்திலும் வடிகாலுக்கு நெருக்கமான வலைத்தடுப்பு இருக்க வேண்டும், சிந்தினால் கழுவாமல் கூட்டி அள்ள வேண்டும், சிந்திய கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆணையிடுவதற்குச் செலவு மிகச் சிறிது. கண்டெய்னர் யார்டுகளையும் இதில் சேர்க்க வேண்டும்.

தூத்துக்குடி உறுப்பினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் துறைமுகத்துக் கண்டெய்னர்களில் பெரும்பகுதி சிறு கப்பல்களில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. எக்ஸ்-பிரஸ் பேர்லும் அந்த வகைச் சிறு கப்பல்தான். துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் வான்தீவு, அதற்கப்பால் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் மற்றத் தீவுகள், மொத்தம் 21. பவளப்பாறை, கடற்புல், ஆவுளியா என்கிற கடற்பசு. மணலிலிருந்து குருணையை அரிப்பதே அந்தப் பாடு என்றால், கடற்புல்லுக்குள் புகுந்ததை எந்த வடிகட்டியால் எடுப்பது? கடற்புல் மேய்கிற ஆவுளியாவிடம் ஒதுக்கிவிட்டு மேயச் சொல்ல முடியாது.

கேரளத்திடம் கற்க இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, 2017-இல் நீண்டகரையில் தொடங்கிய சுசித்வ சாகரம் திட்டம். விசைப்படகு மடியில் மீனோடு வரும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் தட்டிவிடாமல் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கழுவி, நறுக்கி, சாலைத் தாரில் கலந்தார்கள். படகுக்காரர்களையும், தரம் பிரிக்கிற பெண்களையும், மீன்வளத் துறையையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததுதான் அதில் சாதனை. இரண்டு, எல்சா விபத்துக்குப் பின் நடந்துகொண்ட விதம். நான்கே நாளில் அதை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தார்கள். பிறகு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதே குழுமத்தின் இன்னொரு கப்பல் விழிஞ்ஞத்தில் நின்றதை நீதிமன்ற ஆணையோடு பிடித்து வைத்தார்கள். கப்பல் கையில் இருந்தால்தான் கப்பல்காரர் பேச வருவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2017-ஆம் ஆண்டுக் கடல்சார் வழக்குச் சட்டப்படி நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அதே அதிகாரம் இருக்கிறது.

அதிகாரம் இருந்தால் போதுமா, கணக்கு வேண்டுமே. நீதிபதி முதலில் கேட்பது, முன்பு என்ன இருந்தது என்றுதான். எந்த ஊர்க் கரையில் எந்த மாதத்தில் எவ்வளவு மீன்பாடு, எத்தனை வள்ளம் இறங்கியது, மணலில் ஏற்கெனவே எவ்வளவு பிளாஸ்டிக் கிடந்தது, எங்கே ஆமை முட்டையிட்டது. விபத்துக்குப் பிறகு இதையெல்லாம் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார். இலங்கையின் நிபுணர் குழு 640 கோடி டாலர் வரை சேதக் கணக்குப் போட்டது. கிடைத்த தீர்ப்பு 100 கோடி. கைக்கு முழுதாக வருமா என்பதே சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணம், கப்பல்காரரின் பொறுப்புக்குக் கப்பலின் அளவை வைத்து உச்சவரம்பு கட்டுகிற சர்வதேச ஒப்பந்தம். சேதம் எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடுதான். ஆகையால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆதாரம் வேண்டும். நம்மிடம் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கடலோர மாவட்டங்களுக்கென்று உலக வங்கிப் பணத்தோடு நடக்கும் டி.என்.-ஷோர் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கணக்கை எடுத்து வைப்பதற்கு அதில் இடம் கண்டுபிடிக்க முடியும்.

நிவாரணத்தைப் பற்றியும் ஒரு பேச்சு. கேரளத்தில் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு உடனடி உதவியாகத் தந்தது 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும். அதையாவது தந்தார்களே என்பேன். ஆனால் மீன் வாங்க ஆளில்லாமல் போனால் முதலில் வருமானம் போவது படகில் போகிறவருக்கு மட்டுமா? கூடை தூக்கி ஊருக்குள் விற்கப் போகும் பெண்ணுக்கும், ஐஸ் உடைப்பவருக்கும், கருவாடு காயப்போடுகிறவருக்கும் அன்றைக்கே போய்விடுகிறது. இவர்களில் பலரின் பெயர் எந்தச் சங்கப் பட்டியலிலும் இருக்காது. பட்டியலைக் கப்பல் கவிழ்ந்த பிறகு எழுதத் தொடங்கினால் எப்படி எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்துக்கு என் பங்காகச் சிலவற்றை அனுப்புகிறேன், உங்களில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கசிகிற பெட்டியோடு ஒரு கப்பல் நம் கரைக்கு வெளியே வந்து நின்று இடம் கேட்டால் எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னை, தூத்துக்குடி ஆகியவற்றில் எது அதை ஏற்கும், அந்த முடிவை எடுப்பவர் யார்? தமிழ்நாட்டுத் துறைமுகங்கள் வழியே ஆண்டுக்கு எத்தனை டன் குருணை போகிறது, வருகிறது, அந்தக் கணக்கு மாநில அரசில் எந்தத் துறையிடம் இருக்கிறது? கன்னியாகுமரியில் 2025-இல் மூட்டை கட்டி எடுத்த குருணை இப்போது எங்கே இருக்கிறது, அதை அள்ளியவர்களுக்கு என்ன கூலி கொடுத்தோம், அந்தச் செலவு கப்பல்காரர் மீதான கோரிக்கையில் சேர்ந்திருக்கிறதா? மீன் விற்கும் பெண்களின் பதிவேடு எத்தனை கடலோர ஊர்களில் முடிந்திருக்கிறது?

அமைச்சர் தரும் பதிலை அவைக்குறிப்பில் படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
கடலோர வாக்காளர் ஒருவர்